யூசர் ஸ்பேஸுக்கு வாசல் திறக்கும் கெர்னல் டிரைவரை ரிவ்யூ செய்வது எப்படி?

உங்களுக்கு சி மொழி தெரியும். சின்னதாக ஒரு கெர்னல் மாட்யூலாவது எழுதிப் பார்த்திருக்கிறீர்கள். இப்போது யாரோ ஒரு லினக்ஸ் டிரைவரைக் கொடுத்து, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார்கள். அந்த டிரைவர் ஒரு சாதனத்தை /டெவ் கோப்பு வழியாகச் சாதாரண புரோகிராம்களுக்குத் திறந்துவிடுகிறது. எங்கே தொடங்குவீர்கள்?

நான் இந்த வேலைக்குப் புதிதாக வந்தபோது இந்தக் கேள்விக்கு ஒரே இடத்தில் பதில் கிடைக்காமல் மிகவும் திண்டாடினேன். கெர்னல் ஆவணங்களில் எல்லாமே இருக்கிறது, ஆனால் ஏகப்பட்ட கோப்புகளில் சிதறிக் கிடக்கிறது. எதை முதலில் பார்ப்பது, எதைத் தள்ளிப்போடலாம் என்று யாரும் வரிசைப்படுத்தி வைக்கவில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடிப்படை ஒன்றுதான். டிரைவரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக்கொண்டு போகாதீர்கள். அப்படிப் படித்தால் ஹார்டுவேரைத் தயார்செய்யும் வரிகளிலேயே கவனம் தீர்ந்துவிடும். யூசர் ஸ்பேஸிலிருந்து (சாதாரண புரோகிராம்கள் ஓடும் பகுதி) தரவு நுழையும் வாசல்களை முதலில் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து உள்நோக்கிப் படியுங்கள்.

1. தொடங்கும் முன்: ஆவணங்கள், செலவு, நேரம்

பணச் செலவு கிட்டத்தட்ட இல்லை. சாதனம் கையில் இல்லாமலேயே ரிவ்யூவின் பெரும்பகுதியை முடிக்கலாம். பயிற்சிக்கென்றே கியூஎமு என்ற மெய்நிகர்க் கணினி மென்பொருளில் 'எடு' என்ற போலிச் சாதனம் இருக்கிறது. பிசிஐ கார்டு போல இயங்கும். ரெஜிஸ்டர், இன்டரப்ட், டிஎம்ஏ (சாதனமே மெமரியை நேரடியாகப் படித்து எழுதுவது) மூன்றும் அதில் உண்டு. ஓர் எண்ணைக் கொடுத்தால் ஃபேக்டோரியல் போட்டுத் தரும். அதற்கு நீங்களே ஒரு டிரைவர் எழுதி, அதில் கீழே சொல்லும் பிழைகளை வேண்டுமென்றே வைத்து, கருவிகள் எதைப் பிடிக்கின்றன, எதைக் கோட்டைவிடுகின்றன என்று பாருங்கள். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கணினியில் 16 ஜிபி ரேமும், டீபக் தகவலோடு கெர்னலைக் கட்ட 30 ஜிபி காலி இடமும் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம்.

கையில் இருக்க வேண்டியவை:

- பேட்ச் எந்த கமிட்டின் மேல் எழுதப்பட்டது என்ற தகவல். அது இல்லாவிட்டால் முதல் வேலையாகக் கேட்டு வாங்குங்கள். அஞ்சலில் வந்த பேட்ச் தொடர் என்றால் 'பி4' கருவி அதை அப்படியே எடுத்து உங்கள் கிட்டில் சேர்த்துவிடும்.
- கெர்னலின் டாக்குமெண்டேஷன் அடைவிலிருந்து மூன்று ஆவணங்கள்: பேட்ச் அனுப்பும் முறை பற்றிய 'சப்மிட்டிங்-பேட்சஸ்', டிரைவர்-ஏபிஐ பகுதியில் உள்ள 'ஐஆக்டல்' (புரோகிராம் சாதனத்துக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால்), புதிய ஐஆக்டல் எழுதுபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளைத் தொகுத்திருக்கும் 'பாட்ச்சிங்-அப்-ஐஆக்டல்ஸ்'. மூன்றையும் ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம்.
- சாதனத்தின் டேட்டாஷீட். ரகசிய ஒப்பந்தம் காரணமாகத் தர முடியாது என்று சொன்னால், ரெஜிஸ்டர் பட்டியலையாவது கேளுங்கள். எந்த ரெஜிஸ்டரில் எழுதினால் டிஎம்ஏ தொடங்கும் என்பது தெரியாமல் 6, 9ஆம் படிகளை முடிக்கவே முடியாது.
- இந்த டிரைவரைப் பயன்படுத்தப் போகும் யூசர் ஸ்பேஸ் புரோகிராம். இதைப் பலரும் கேட்பதில்லை. கிராபிக்ஸ் டிரைவர்களைப் பார்த்துக்கொள்ளும் டிஆர்எம் பிரிவில், திறந்த மூலமாக அந்தப் புரோகிராமும் வந்தால்தான் புதிய இடைமுகத்தையே ஏற்பார்கள். அந்த விதி சரியானது என்பதே என் கருத்து. பயன்படுத்துபவரின் நிரலைப் பார்க்காமல், இடைமுகம் போதுமா, தேவைக்கு மேல் விரிந்திருக்கிறதா என்று எப்படிச் சொல்வது?

நேரம்: ஆயிரம் வரி டிரைவருக்கு முழுதாக இரண்டு நாள் ஒதுக்குங்கள், அதையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். ஆயுட்காலம் பற்றிய படிக்கு (7ஆவது) தெளிவான தலை வேண்டும். அதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. இப்படி ஒரு டிரைவர் தேவைதானா?

நிரலைத் திறக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. வெப்பநிலை, மின்னழுத்தம் காட்டும் சாதனம் என்றால் ஹெச்டபிள்யூமான் என்ற கெர்னல் சப்சிஸ்டம் இருக்கிறது. ஏடிசி, சென்சார் வகைகளுக்கு ஐஐஓ. பொத்தான், தொடுதிரை என்றால் இன்புட். இருக்கிற சப்சிஸ்டத்தில் பொருந்தும் ஒன்றுக்குப் புதிதாக ஐஆக்டல்கள் கண்டுபிடித்திருந்தால், அதைச் சொல்லிவிட்டு ரிவ்யூவை அங்கேயே நிறுத்தலாம்.

ரெஜிஸ்டர்களை யூசர் ஸ்பேஸுக்குக் கொடுப்பது மட்டுமே நோக்கம் என்றால் இரண்டு ஆயத்த வழிகள் உண்டு. 2007இல் 2.6.23 கெர்னலில் வந்த யுஐஓ, மெமரியை எம்மேப் செய்ய (புரோகிராமின் முகவரிகளோடு இணைக்க) கொடுக்கும், இன்டரப்ட் வந்ததை ரீட் மூலம் சொல்லும், அவ்வளவுதான். 2012இல் 3.6இல் வந்த விஎஃப்ஐஓ, ஐஓஎம்எம்யூ (சாதனம் தொடக்கூடிய முகவரிகளைக் கட்டுப்படுத்தும் ஹார்டுவேர்) துணையோடு சாதனத்தின் டிஎம்ஏவை வேலி போட்டு அடைக்கும். தேர்வு எளிது: சாதனம் டிஎம்ஏ செய்யுமா? செய்யும் என்றால் யுஐஓ வழியாகத் திறப்பது கெர்னல் மெமரி முழுவதையும் அந்தப் புரோகிராமிடம் கொடுத்துவிடுவதற்குச் சமம். ரெஜிஸ்டரில் எந்த முகவரியை எழுதினாலும் கார்டு அங்கே போய்ப் படிக்கும், எழுதும். அப்படிப்பட்ட சாதனத்துக்கு விஎஃப்ஐஓவைக் கேளுங்கள்.

3. முதலில் படிக்க வேண்டியது யூஏபிஐ ஹெடர்

சி கோப்பில் உள்ள பிழையை அடுத்த வாரம் திருத்தலாம். யூஏபிஐ ஹெடரில் (யூசர் ஸ்பேஸ் பார்க்கும் இடைமுகத்தை அறிவிக்கும் கோப்பு) உள்ளதை ஒரு வெளியீட்டில் சேர்த்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. யூசர் ஸ்பேஸை உடைக்கக் கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் எவ்வளவு கறாரானவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் ஐம்பது வரி ஹெடருக்கு ஐந்நூறு வரி சி நிரலைவிட அதிக நேரம் கொடுங்கள்.

ஒவ்வொரு ஸ்ட்ரக்டையும் ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு ஃபீல்டும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று எழுதுங்கள். லாங், வெறும் பாயிண்டர், ஈ-நம் (enum) போன்ற, இடத்துக்கு இடம் அளவு மாறக்கூடிய வகைகள் இருக்கக் கூடாது. __யு32, __யு64 போன்ற நிலையான அளவுகள்தான் வேண்டும். பாயிண்டரை அனுப்ப வேண்டுமென்றால் __யு64 ஆக அனுப்பி, உள்ளே யு64_டு_யூசர்_பிடிஆர் கொண்டு மாற்ற வேண்டும்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது: ஒரு __யு32, அதற்கடுத்து ஒரு __யு64 உள்ள ஸ்ட்ரக்ட், 64 பிட் இன்டெல் கணினியில் 16 பைட். அதே ஸ்ட்ரக்ட் 32 பிட் இன்டெலில் 12 பைட், ஏனென்றால் அங்கே 64 பிட் எண்ணுக்கு 4 பைட் ஒழுங்கே போதும். ஐஆக்டல் கட்டளை எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்டின் அளவு 14 பிட்டில் பொதிந்திருக்கிறது. ஆக, 64 பிட் கெர்னலில் 32 பிட் புரோகிராம் ஓடினால் கட்டளை எண்ணே வேறாகிவிடும். டிரைவர் அதை அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்பும். இதைத் தவிர்க்க, காலி இடங்களில் வெளிப்படையாக ஒரு பேடிங் ஃபீல்டு வைத்து 8 பைட்டின் மடங்காக ஆக்கச் சொல்லுங்கள். கூடவே ஃபைல்_ஆபரேஷன்ஸில் கம்பாட்_ஐஆக்டல் நிரப்பப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்ட்ரக்டுகள் ஒழுங்காக இருந்தால் கம்பாட்_பிடிஆர்_ஐஆக்டல் என்ற ஆயத்த ஃபங்ஷனே போதும்.

அடுத்து, ஃபிளாக்ஸ், ரிசர்வ்டு என்று பெயரிட்ட ஃபீல்டுகள். தெரியாத பிட் ஒன்று வந்தால் ஈ-இன்வால் திருப்ப வேண்டும், ரிசர்வ்டு இடத்தில் சுழி இல்லாவிட்டாலும் அப்படியே. இன்று அலட்சியமாக விட்டால் ஏதாவது ஒரு புரோகிராம் அங்கே குப்பையை அனுப்பிக்கொண்டிருக்கும். நாளைக்கு அந்தப் பிட்டுக்குப் பொருள் கொடுக்கவே முடியாது. ஸ்ட்ரக்ட் வருங்காலத்தில் வளரும் என்றால், 5.4 கெர்னலில் வந்த காப்பி_ஸ்ட்ரக்ட்_ஃப்ரம்_யூசரைப் பரிந்துரையுங்கள். பழைய புரோகிராம் சின்ன ஸ்ட்ரக்ட் அனுப்பினாலும், புதியது பெரிதாக அனுப்பினாலும் அது ஒழுங்காகக் கையாளும்.

மீதியைச் சீக்கிரம் பார்த்துவிடலாம்: கட்டளை எழுத்து ஐஆக்டல்-நம்பர் ஆவணத்தில் பதிவாகியிருக்கிறதா, _ஐஓஆர், _ஐஓடபிள்யூ திசைகள் யூசரின் பார்வையில் சரியாக இருக்கின்றனவா, தெரியாத கட்டளைக்கு ஈ-நோட்டி திரும்புகிறதா, நேரத்தைப் பழைய டைம்ஸ்பெக்கில் கொடுக்காமல் 64 பிட் நானோவினாடியாகக் கொடுக்கிறார்களா.

4. வாசல்களைப் பட்டியல் போடுங்கள். யார் நுழையலாம் என்று பாருங்கள்

ஃபைல்_ஆபரேஷன்ஸ் ஸ்ட்ரக்டைத் தேடி எடுங்கள். ஓப்பன், ரிலீஸ், ரீட், ரைட், ஐஆக்டல், எம்மேப், போல் என்று அதில் நிரப்பப்பட்ட ஒவ்வொன்றும் ஒரு வாசல். சிஸ்எஃப்எஸ் கோப்புகள், டீபக்எஃப்எஸ் கோப்புகள், மாட்யூல் பாராமீட்டர்கள் ஆகியவையும் வாசல்களே. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "யாரால் கூப்பிட முடியும்?" என்று குறியுங்கள்.

இந்தக் கேள்வியை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012 டிசம்பரில் வெளிவந்த எக்ஸினோஸ் ஓட்டையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலான சிவிஇயில் அதன் எண் சிவிஇ-2012-6422. எக்ஸினோஸ் 4210, 4412 சிப்புகள் உள்ள கேலக்ஸி எஸ்2, நோட் 2 போன்ற ஃபோன்களில் /டெவ்/எக்ஸினோஸ்-மெம் என்ற கோப்பு 0666 அனுமதியோடு இருந்தது. ஃபோனில் நிறுவிய எந்தச் செயலியும் அதைத் திறந்து, முழு மெமரியையும் படிக்கலாம், எழுதலாம், ரூட் ஆகிவிடலாம். இதைப் பிடிக்கச் சிக்கலான ஆய்வு எதுவும் தேவைப்பட்டிருக்காது. யாரால் திறக்க முடியும், திறந்தால் என்ன கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகள் போதும்.

அனுமதியில் கவனிக்க வேண்டிய நுணுக்கங்கள் இரண்டு உண்டு. ஒன்று, படிப்பதற்கு மட்டும் திறந்த கோப்பிலும் ஐஆக்டல் கூப்பிடலாம். சாதனத்தின் நிலையை மாற்றும் கட்டளைகள் எஃப்_மோடில் எழுதும் அனுமதி இருக்கிறதா என்று தாமாகவே சரிபார்க்க வேண்டும். இரண்டு, ரைட் ஃபங்ஷனுக்குள் கேப்பபிள்() என்று அதிகாரத்தைச் சோதிப்பது ஆபத்து. அதிகாரம் இல்லாத ஒருவர் கோப்பைத் திறந்து, செட்யூஐடி புரோகிராம் (யார் ஓட்டினாலும் ரூட் போன்ற உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடுவது) ஒன்றுக்கு அதையே ஸ்டாண்டர்டு எரராகக் கொடுத்தால், எழுதுவது ரூட், சோதனை தேறிவிடும். அதிகாரத்தைத் திறக்கும்போதே, ஓப்பனில் சோதிக்கச் சொல்லுங்கள்.

5. உள்ளே வந்த ஒவ்வொரு பைட்டையும் பின்தொடருங்கள்

இப்போதுதான் சி நிரல். காப்பி_ஃப்ரம்_யூசர், காப்பி_டு_யூசர், கெட்_யூசர், புட்_யூசர் ஆகியவை வரும் இடங்களையெல்லாம் தேடி எடுங்கள். தொடக்கத்தில் இரண்டு அடிக்கோடு கொண்ட வடிவங்கள் தென்பட்டால் அங்கே நின்று பாருங்கள். அவை முகவரி யூசர் ஸ்பேஸைச் சேர்ந்ததா என்று சோதிக்காது. டிரைவருக்கு அவை அநேகமாகத் தேவையே இல்லை.

திரும்பி வரும் மதிப்பு: காப்பி_டு_யூசர் பிழை எண்ணைத் திருப்புவதில்லை. நகலெடுக்க முடியாமல் போன பைட்டுகளின் எண்ணிக்கையைத் திருப்பும். "ரிட்டர்ன் காப்பி_டு_யூசர்" என்று நேரடியாக எழுதியிருந்தால், நகல் தோற்றபோது ரீட் ஒரு நேர்ம எண்ணைக் கொடுக்கும். புரோகிராமோ அத்தனை பைட் வந்துவிட்டதாக நம்பும். சுழி இல்லாவிட்டால் மைனஸ் ஈ-ஃபால்ட் என்பதே சரி. இது இன்றும் அடிக்கடி கண்ணில் படுகிறது.

இரண்டு முறை படிப்பது: முதலில் ஸ்ட்ரக்டின் நீள ஃபீல்டை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள், பஃபர் ஒதுக்குகிறார்கள், பிறகு முழு ஸ்ட்ரக்டையும் மறுபடி நகலெடுத்து, அதற்குள் இருக்கும் நீளத்தை நம்பி லூப் ஓட்டுகிறார்கள். இரண்டு நகல்களுக்கும் நடுவே அந்தப் புரோகிராமின் இன்னொரு திரெட் நீளத்தை மாற்றிவிடலாம். ஒரே ஃபீல்டு யூசர் மெமரியிலிருந்து இரண்டு முறை வருகிறதா என்று ஒவ்வொரு கட்டளைக்கும் பாருங்கள். வந்தால், முதலில் சோதித்த மதிப்பையே கடைசி வரை பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பெருக்கல்: எண்ணிக்கையை உறுப்பின் அளவால் பெருக்கி கேமல்லாக்குக்குக் கொடுத்தால், பெருக்கல் வழிந்து சின்ன பஃபர் கிடைக்கும், அதில் பெரிய தரவு எழுதப்படும். கேமல்லாக்_அரே, ஸ்ட்ரக்ட்_சைஸ், செக்_ஆட்_ஓவர்ஃப்ளோ எல்லாம் இதற்காகவே இருக்கின்றன. ஒதுக்கி நகலெடுப்பது மட்டும்தான் வேலை என்றால் மெம்டப்_யூசர் ஒரே வரியில் முடிக்கும். வழியாவிட்டாலும் மேல் வரம்பு ஒன்று வேண்டும். எந்தப் புரோகிராமும் 2 ஜிபி கெர்னல் மெமரி கேட்க முடியக் கூடாது.

கசிவு: ஸ்டாக்கில் ஒரு ஸ்ட்ரக்டை அறிவித்து, சில ஃபீல்டுகளை மட்டும் நிரப்பி யூசருக்கு அனுப்பினால், நிரப்பாத ஃபீல்டுகளிலும் பேடிங்கிலும் பழைய கெர்னல் மெமரி வெளியே போகும். எல்லா ஃபீல்டுக்கும் மதிப்புக் கொடுத்தாலும் பேடிங் பைட்டுகள் நிரம்பும் என்ற உத்தரவாதம் இல்லை. மெம்செட் போடச் சொல்லுங்கள். 3ஆம் படியில் நீங்கள் வரைந்த தாள் இங்கே கைகொடுக்கும்: காலி இடமே இல்லாத ஸ்ட்ரக்டில் இந்தக் கவலை பாதி குறையும்.

ஊகச் செயலாக்கம்: யூசர் கொடுத்த எண்ணை அரே இன்டெக்ஸாகப் பயன்படுத்தும் இடத்தில், வரம்பு சோதனை மட்டும் போதாது. செயலி முன்கூட்டியே ஊகித்து இயக்குவதன் வழியே மெமரியைக் கசியவிடும் ஸ்பெக்டர் ஓட்டை 2018 ஜனவரியில் வெளிவந்த பிறகு, சோதனைக்கு அடுத்து அரே_இன்டெக்ஸ்_நோஸ்பெக் கொண்டு இன்டெக்ஸை அடக்குவது வழக்கம். புதியவர்கள் எழுதும் டிரைவர்களில் இது பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

6. எம்மேப்: சில வரிகளே, ஆனால் ஒவ்வொன்றும் ஆபத்து

எம்மேப் ஃபங்ஷன் பத்து வரிதான் இருக்கும். அந்தப் பத்து வரியில் யூசர் கொடுக்கும் எண்கள் இரண்டு: தொடங்கும் இடம், நீளம். ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் இரண்டையும் சோதிக்காது, கொடுத்ததை அப்படியே திறந்துவிடும். டிரைவர்தான் சாதனத்தின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் கூட்டி எல்லையோடு ஒப்பிட்டிருந்தால், அந்தக் கூட்டலும் வழியக்கூடும் என்பதை மறக்காதீர்கள். கைக்கணக்கு எதுவும் வேண்டாம், விஎம்_ஐஓமேப்_மெமரியைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லிவிடுவது நல்லது. தொடர்ச்சியான ஒரே பகுதியைத் திறக்கும்போது அதுவே எல்லாவற்றையும் சரிபார்க்கும்.

பக்கத்தின் அளவையும் பாருங்கள். சாதனத்தின் ரெஜிஸ்டர்கள் 256 பைட்டுக்குள் அடங்கினாலும் எம்மேப் குறைந்தது ஒரு பக்கம் திறக்கும். இன்டெலில் அது 4 கேபி. சில 64 பிட் ஆர்ம் கெர்னல்களில் 64 கேபி. சிப்பில் பக்கத்திலேயே இருக்கும் வேறு சாதனத்தின் ரெஜிஸ்டர்களும் சேர்ந்து திறந்துவிடும். டேட்டாஷீட் இல்லாமல் இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

படிக்க மட்டுமே கொடுக்கிறோம் என்றால், எழுதும் கோரிக்கையை மறுத்தால் மட்டும் போதாது, விஎம்_மேரைட் கொடியையும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் படிப்பதற்கென்று மேப் செய்துவிட்டு, பிறகு எம்புரொடெக்ட் கூப்பிட்டு எழுதும் அனுமதியை எடுத்துக்கொள்ளலாம்.

7. ஆயுட்காலம்: சாதனம் போன பிறகும் கோப்பு திறந்திருக்கும்

அதிக நேரம் இங்கேதான் போகும், போகட்டும். இதில் நழுவும் பிழைகள்தாம் நிஜப் பயன்பாட்டில் எப்போதாவது ஒருமுறை கெர்னலைக் கவிழ்த்துவிட்டு, ஆய்வகத்தில் திரும்ப வராமல் எல்லோரையும் வாட்டும்.

ஒரு புரோகிராம் /டெவ் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் யூஎஸ்பி சாதனத்தை ஒருவர் பிடுங்குகிறார். டிரைவரின் ரிமூவ் (சாதனம் விலகும்போது ஓடும் ஃபங்ஷன்) ஓடி முடிகிறது. கோப்பு இன்னும் திறந்தேதான் இருக்கிறது. அடுத்த ஐஆக்டல் வருகிறது. அது தொடும் மெமரி இருக்கிறதா?

டெவ்எம்_கேஇசட்அல்லாக் கொண்டு டிரைவரின் முக்கிய ஸ்ட்ரக்ட் ஒதுக்கப்பட்டிருந்தால், பதில் "இல்லை". டெவ்எம் என்று தொடங்குபவை எல்லாம் சாதனத்தோடு டிரைவருக்குள்ள பிணைப்பு முடிந்ததும் விடுவிக்கப்படும்; திறந்திருக்கும் கோப்புகளைப் பற்றி அவற்றுக்குத் தெரியாது. சிடெவ்_டிவைஸ்_டெல் அழைத்தாலும் காப்பாற்றாது: ஏற்கெனவே திறந்த கோப்புகளின் ஃபங்ஷன்கள் அதற்குப் பிறகும் அழைக்கப்படலாம் என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. ஓனர் ஃபீல்டில் திஸ்_மாட்யூல் போட்டிருக்கிறோமே என்று சிலர் வாதாடுவார்கள். அது மாட்யூல் நிரலை வெளியேறாமல் தடுக்கும், தரவைக் காப்பாற்றாது.

சரியான வடிவம் இப்படி இருக்கும்: முக்கிய ஸ்ட்ரக்டை சாதாரண கேஇசட்அல்லாக்கில் ஒதுக்கி, கே-ரெஃப் எண்ணிக்கையோ, உள்ளேயே ஒரு ஸ்ட்ரக்ட் டிவைஸோ வைத்து, கோப்பு திறக்கும்போது எண்ணிக்கையை ஏற்றி, ரிலீஸில் இறக்குவது. ரிமூவ் ஒரு லாக்கைப் பிடித்து "சாதனம் போய்விட்டது" என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு வாசலும் அதே லாக்கின் கீழ் அந்தக் குறியைப் பார்த்து, மைனஸ் ஈ-நோடெவ் திருப்ப வேண்டும். காத்திருக்கும் ரீட்களையும் போல்களையும் ரிமூவ் எழுப்பிவிட வேண்டும். எழுப்பாவிட்டால் அந்தப் புரோகிராம் வராத தரவுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

இதைச் சோதிப்பது எளிது. யூஎஸ்பியைப் பிடுங்கக்கூடத் தேவையில்லை. கோப்பைத் திறந்துவிட்டு உறங்கும் சின்ன புரோகிராம் ஒன்றை ஓடவிடுங்கள். சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த டிரைவரின் அடைவில் உள்ள 'அன்பைண்ட்' கோப்பில் சாதனத்தின் பெயரை எழுதுங்கள். பிறகு புரோகிராமிலிருந்து ஐஆக்டல் அனுப்புங்கள், கோப்பை மூடுங்கள். கேசன் (தவறான மெமரி அணுகலைப் பிடிக்கும் கெர்னல் வசதி) இயக்கிய கெர்னலில் ஓட்டினால், தவறு இருக்கும் இடத்தை வரி எண்ணோடு சொல்லிவிடும். "எங்கள் சாதனம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது, யாரும் பிடுங்க முடியாது" என்ற பதில் கட்டாயம் வரும். அன்பைண்ட் கோப்பு அங்கேயும் இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

இதே படியில் பார்க்க வேண்டியவை இன்னும் சில. புரோபில் (சாதனம் சேரும்போது ஓடும் ஃபங்ஷன்) எழுத்துச் சாதனத்தைப் பதிவு செய்வது கடைசி வேலையாக இருக்க வேண்டும், பதிவான மறுகணமே ஓப்பன் வரலாம். ரிமூவில் டைமர்களும் ஒர்க்குகளும் நின்றதை உறுதிசெய்த பிறகே (டைமர்_டிலீட்_சிங்க், கேன்சல்_ஒர்க்_சிங்க்) மெமரியை விட வேண்டும். டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்கியூ பயன்படுத்தியிருந்தால், ரிமூவ் முடியும் வரை இன்டரப்ட் வரலாம். அதற்குள் கையால் விடுவித்தவற்றை இன்டரப்ட் ஹேண்ட்லர் தொடுகிறதா? ரிலீஸ், ஒவ்வொரு குளோஸுக்கும் வராது. ஃபோர்க், டூப் ஆகியவற்றால் பெருகிய நகல்களும் மூடிய பிறகே வரும். அதனால் திறந்த புராசஸ்தான் மூடுகிறது என்ற எண்ணத்தில் எழுதிய நிரல் தவறு.

8. லாக்குகள்

ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு காப்பி_ஃப்ரம்_யூசர் கூப்பிடக் கூடாது. யூசர் பக்கம் டிஸ்கில் இருந்தால் அது உறங்கும். மியூடெக்ஸ் என்றால் உறங்கலாம், ஆனால் அங்கே வேறொரு பொறி: எம்மேப் ஃபங்ஷன் அழைக்கப்படும்போதே கெர்னல் எம்மேப்_லாக்கைப் பிடித்திருக்கும். ஐஆக்டல் டிரைவரின் மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு காப்பி_டு_யூசர் செய்ய, அதில் பேஜ் ஃபால்ட் வந்து எம்மேப்_லாக்கைக் கேட்க, மறுபக்கம் எம்மேப் அதே மியூடெக்ஸைக் கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நின்றுவிடும். தரவை முதலில் நகலெடுத்துவிட்டு லாக் பிடிக்கச் சொல்லுங்கள்.

9. டிஎம்ஏ

யூசரின் பஃபருக்கு நேரடியாக டிஎம்ஏ செய்யும் டிரைவர் என்றால் நான்கு கேள்விகள்: பழைய கெட்_யூசர்_பேஜஸுக்குப் பதில் பின்_யூசர்_பேஜஸ் (பக்கங்களை இடம் மாறாமல் பிடித்துவைப்பது) வகையா? சாதனம் எழுதப் போகிறது என்றால் ஃபோல்_ரைட் கொடுத்திருக்கிறார்களா? கேட்டதைவிடக் குறைவான பக்கங்கள் கிடைத்தால், கிடைத்தவற்றை விடுவிக்கிறார்களா? பின் செய்த மெமரி, மெம்லாக் வரம்பில் கணக்கிடப்படுகிறதா? மூன்றாவதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கெர்னல் பஃபரில் நகலெடுத்தே வேலை நடக்கும் அளவுக்குத் தரவு சிறிதென்றால், பின் செய்வதையே கைவிடச் சொல்லுங்கள்.

10. கருவிகளை ஓட்டும் வரிசை

கருவிகளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கெர்னலோடு வரும் செக்பேட்ச் ஸ்கிரிப்டில் சுத்தமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டால் மனம் பாதி ரிவ்யூ முடிந்ததாக எண்ணிக்கொள்ளும். செக்பேட்ச் பெரும்பாலும் எழுத்து நடையைப் பார்ப்பது.

முதலில் டபிள்யூ=1 போட்டுக் கட்டுங்கள். அடுத்து சி=1 போட்டு ஸ்பார்ஸ் என்ற நிரல் ஆய்வுக் கருவி; யூசர் பாயிண்டரை நேரடியாகத் தொட்ட இடங்களை அது காட்டும். "எச்சரிக்கையை அடக்க" கட்டாய காஸ்ட் போட்டிருந்தால் அந்த வரியில் சந்தேகப்படுங்கள். பிறகு கேசன், புரூவ்_லாக்கிங் (லாக் வரிசைப் பிழைகளுக்கு), டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் (உறங்கக் கூடாத இடத்தில் உறங்குவதற்கு) மூன்றும் இயக்கிய கெர்னல். கேசன் மொத்த மெமரியில் எட்டில் ஒரு பங்கைத் தனக்கு எடுத்துக்கொள்ளும், அதனால் மெய்நிகர்க் கணினிக்கு 2 ஜிபியாவது கொடுங்கள். 5ஆம் படியில் சொன்ன கசிவுகளுக்கு, நிரப்பாத மெமரியைப் பயன்படுத்துவதைப் பிடிக்கும் கேஎம்சன் வேண்டும். அது கிளாங் கம்பைலரில்தான் கட்டப்படும், தனி கெர்னலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால், சிஸ்டம் கால்களைத் தாறுமாறாக அனுப்பிப் பிழை தேடும் சிஸ்காலர். டிரைவரின் ஐஆக்டல்களை அதன் விவரண மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டு இரவு முழுவதும் ஓடவிடுங்கள். விவரணம் எழுத அரை நாள் ஆகும். யூஏபிஐ ஹெடர் ஒழுங்காக இருந்தால் அதைவிடக் குறைவு.

11. கருத்தை எழுதி அனுப்புவது, காலக்கணக்கு

சாதாரண உரை அஞ்சலாக, சம்பந்தப்பட்ட வரிக்குக் கீழேயே எழுதுங்கள். "இது சரியில்லை" என்று நிறுத்தாதீர்கள். எந்த வரிசையில் என்ன நடந்தால் எது உடையும் என்று சொல்லுங்கள். கட்டாயம் திருத்த வேண்டியதையும் விருப்பமிருந்தால் மாற்றலாம் என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். யூஏபிஐயில் குறை இருந்தால் அதை மட்டும் முதலில் அனுப்புங்கள். இடைமுகமே மாறப் போகும்போது இன்டெண்டேஷனைத் திருத்த வைப்பது எழுதியவரின் நேரத்தை வீணாக்கும்.

'ரிவ்யூட்-பை' என்று உங்கள் பெயரைப் போடுவது, நீங்கள் ஆராய்ந்தீர்கள், உங்கள் அறிவுக்கு எட்டியவரை தகுதியானது என்று எழுதிக் கொடுப்பது. டிஎம்ஏ பகுதி புரியவில்லை என்றால் அதை அஞ்சலில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். ஓட்டிப் பார்த்தது மட்டும் என்றால் 'டெஸ்டட்-பை' போதும்.

கெர்னல் வெளியீடு 9 அல்லது 10 வாரத்துக்கு ஒன்று. அதில் முதல் 2 வாரம் மெர்ஜ் விண்டோ, அதாவது புதிய மாற்றங்களைச் சேர்க்கும் காலம். அந்த நேரத்தில் புதிய டிரைவருக்குப் பராமரிப்பாளர்களிடமிருந்து பதில் வராது, எதிர்பார்க்காதீர்கள். ஆர்சி1 (அதன் முடிவில் வரும் முதல் சோதனை வெளியீடு) வந்த பிறகு அனுப்பினால் பார்வை கிடைக்கும். ஆர்சி6ஐத் தாண்டினால் பெரும்பாலும் அடுத்த சுற்றுக்குத்தான். நினைவூட்டல் அனுப்பக் குறைந்தது ஒரு வாரமாவது பொறுக்கச் சொல்கிறது ஆவணம். இரண்டு மூன்று வாரம் ஆவதும் சகஜம். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்_மெயிண்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும்.

ஏற்கெனவே வெளியீட்டில் இருக்கும் டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை கண்டால் பொது அஞ்சல் பட்டியலுக்கு எழுதிவிடாதீர்கள். 'செக்யூரிட்டி-பக்ஸ்' ஆவணத்தில் சொன்னபடி பராமரிப்பாளருக்கும் கெர்னல் பாதுகாப்புக் குழுவுக்கும் தனியாக எழுதுங்கள். திருத்தத்தில் எந்த கமிட்டின் பிழை என்று சொல்லும் 'ஃபிக்ஸஸ்' வரியும், ஸ்டேபிள் அஞ்சல் பட்டியலுக்கான நகல் வரியும் சேர்ந்தால்தான் பழைய கெர்னல்களுக்கும் அது போய்ச்சேரும். சிவிஇ எண்ணுக்குத் தனியாக அலைய வேண்டாம். 2024 பிப்ரவரியிலிருந்து கெர்னல் குழுவே அந்த எண்களை வழங்குகிறது.

இரண்டாம் பதிப்பு வந்ததும் முழு டிரைவரையும் திரும்பப் படிக்கத் தேவையில்லை. கிட்டின் ரேஞ்ச்-டிஃப் மாறிய வரிகளை மட்டும் காட்டும். யூஏபிஐ ஹெடரில் ஒரு ஃபீல்டு இடம் மாறியிருந்தாலும் 3ஆம் படிக்குப் போய்ப் புதிய தாளில் வரையுங்கள். ரிமூவ் ஃபங்ஷனைத் தொட்டிருந்தால் அன்பைண்ட் சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.